ப்ரொஃபைல் போட்டா கோச் வருவாரா?

முதல்லயே முடிவைச் சொல்லிட்டு அப்புறம் காரணத்துக்கு வர்றேன். கடைசி வரைக்கும் படிக்கப் பொறுமை இல்லாதவங்க இந்த ஒரு பத்தியோட அப்பீட் ஆகிக்கலாம், கோச்சுக்க மாட்டேன். விளையாடற பசங்களோட விவரத்தையும் வீடியோவையும் இணையத்துல ஏத்தி, "காலேஜ் கோச்சுங்க கண்ணுல பட வைக்கிறோம்"னு காசு வாங்கற சேவைகளால நம்ம ஊர்ப் பசங்களுக்குப் பெரிசா பிரயோஜனம் இல்லை. அதுக்காக இணையத்தாலயே பிரயோஜனம் இல்லைன்னு நான் சொல்ல வரலை. ரெண்டும் வேற வேற. யார் யாரைத் தேடணும்ங்கறதை இந்தச் சேவைகள் தலைகீழா வெச்சிருக்கு. அதைத் திருப்பிப் போட்டா, குன்னத்துல வாலிபால் ஆடற பொண்ணுக்கும் சென்னையில ஆடற பொண்ணுக்கும் நடுவுல இருக்கற தூரம் பாதியாவது குறையும்.

இப்ப எதுக்குடா இந்த மேட்டர்னு கேக்கறீங்களா? பொட்டி தட்டற தொழில்ல இருக்கறவனுக்கு ஊர்ல ஒரு கூடுதல் பொறுப்பு உண்டு. பிரிண்டர் ஓடலைன்னாலும் கூப்பிடுவாங்க, ஆதார்ல பேரு தப்பா இருந்தாலும் கூப்பிடுவாங்க. அப்படித்தான் எங்க சித்தப்பா கூப்பிட்டார். அவரோட பொண்ணு, எனக்குத் தங்கச்சி முறை, ப்ளஸ் டூ. வாலிபால்ல மாவட்ட டீம்ல ஆடினவ. "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன். பாப்பாவுக்கு ஒரு கம்பெனில பணம் கட்டியிருக்கேன். இருநூறு காலேஜுக்கு அனுப்பறாங்களாம். இன்னும் ஒருத்தரும் கூப்பிடல. என்னன்னு பாத்துச் சொல்லு"ன்னார். கட்டினது 7,500 ரூபா. மக்காச்சோளம் வித்த காசு. எங்க பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், இதுதான் பொழப்பு. 7,500 ரூபாங்கறது சும்மா இல்லை.

கம்பெனி பேரு வேண்டாம். ஒரே ஒரு கம்பெனியோட பிரச்சினையா இதைப் பேசினா மேட்டர் திசை மாறிடும். அவங்க ஏமாத்தவும் இல்லை. சொன்னதைச் செஞ்சிருக்காங்க. அழகா ஒரு பக்கம். உயரம், எந்த இடத்துல ஆடுவா, சான்றிதழ் பட்டியல், மூணு நிமிஷ வீடியோ, பின்னணியில டமால் டுமீல்னு மியூசிக். காலேஜுகளுக்கு மெயிலும் போயிருக்கு. மெயில் போன முகவரிகளைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. எல்லாம் காலேஜோட வெப்சைட்ல போட்டிருக்கற பொது முகவரி. அட்மிஷன் ஆபீஸ்ல இருக்கறவரு அதைத் திறந்தா உண்டு. பி.டி. சார் கிரவுண்டுல இருப்பார், காலையில ஆறு மணிக்கு விசிலோட. அவருக்கும் அந்த மெயில் பெட்டிக்கும் சம்பந்தமே கிடையாது.

சரி, இந்த ஐடியா எங்கேருந்து வந்துச்சுன்னு பார்ப்போம். அமெரிக்காவுலேருந்துதான். அங்க காலேஜ் ஸ்போர்ட்ஸ்ங்கறது நம்ம ஐ.பி.எல். மாதிரி பணம் புழங்கற விஷயம். என்.சி.ஏ.ஏ.ங்கற அமைப்போட கீழ சுமார் 1,100 காலேஜ், 5 லட்சத்துக்கு மேல வீரர்கள். பள்ளி அளவுல விளையாடறவங்க கிட்டத்தட்ட 80 லட்சம். இந்த 80 லட்சத்துலேருந்து 5 லட்சத்தைப் பொறுக்கணும். ஒவ்வொரு கோச்சும் நாடு முழுக்கச் சுத்த முடியுமா? அந்த இடைவெளியிலதான் இந்தத் தொழில் முளைச்சது. என்.சி.எஸ்.ஏ.ன்னு சுருக்கமா சொல்ற நெக்ஸ்ட் காலேஜ் ஸ்டூடண்ட் அத்லெட் கம்பெனி 2000-ல ஆரம்பிச்சது. அப்புறம் 2006-ல ஹடல்னு ஒண்ணு வந்து, மேட்ச் வீடியோவை வெட்டிப் பகிர்றதை ரொம்பச் சுலபமாக்கிடுச்சு. ப்ரொஃபைல் இலவசம், கூட ஆலோசனை வேணும்னா சில நூறு டாலர்லேருந்து ஆயிரக்கணக்கான டாலர் வரைக்கும்ங்கறதுதான் இந்தத் தொழிலோட வியாபார முறை.

இதுல ஒரு விதி எனக்கு ரொம்ப சுவாரசியமா பட்டுச்சு. என்.சி.ஏ.ஏ. விதிப்படி இந்த மாதிரி சேவைகள் கட்டணம் வாங்கலாம். ஆனா "உனக்கு ஸ்காலர்ஷிப் கிடைச்சா இத்தனை சதவீதம்"னு வாங்கக் கூடாது. அப்படி வாங்கினா அது ஏஜெண்ட் வேலை ஆயிடும், பையனோட தகுதியே போயிடும். நல்ல எண்ணத்துல வெச்ச விதிதான். தரகு கூடாதுங்கறதுக்காக. ஆனா இதோட பக்க விளைவைப் பாருங்க. பையனுக்கு சீட் கிடைச்சாலும் கிடைக்காட்டியும் கம்பெனிக்குக் கிடைக்கற காசு ஒண்ணுதான். அப்ப கம்பெனி எதை வளர்க்கும்? சீட்டு வாங்கினவங்க எண்ணிக்கையையா, பணம் கட்டினவங்க எண்ணிக்கையையா? நான் வேலை செய்யற துறையில ஒரு பழமொழி மாதிரி சொல்லுவோம், எதை அளக்கறியோ அதுதான் வளரும்னு.

இதுக்கு எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்லணும். அமெரிக்காவுல இந்தச் சேவைகளால நிஜமாவே பலன் அடைஞ்சவங்க இருக்காங்க. பெரிய பிரிவுல ஆடற காலேஜ்களுக்கு இல்லை. அவங்க பையனைப் பத்தாவதுலயே பார்த்து வெச்சிருப்பாங்க. சின்னச் சின்ன காலேஜ்கள், பட்ஜெட் இல்லாத கோச்சுகள், இவங்களுக்குத் தேடற செலவு மிச்சம். ஆனா அதுலயும் மூணாவது பிரிவுல இருக்கற காலேஜ்கள் விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப்பே தரக்கூடாது. ஆக, கோச் பார்த்தாலும் கையில காசு வராது. அங்க இருக்கற நம்மாளுங்க, பசங்களை நீச்சல் டென்னிஸ்னு கூட்டிட்டு ஓடற அப்பா அம்மாக்கள், பணம் கட்டறதுக்கு முன்னாடி இதை ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

இன்னொண்ணு. நம்ம ஊர்லேருந்து அங்க போய் ஜெயிச்சவங்களைப் பாருங்க. சென்னையில வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 ரெண்டு வருஷமும் என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் சாம்பியன். டெல்லியில வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பையன் தேஜஸ்வின் சங்கர், கான்சாஸ் ஸ்டேட்டுக்காக 2018-லயும் 2022-லயும் உயரம் தாண்டுதல்ல சாம்பியன். மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷ் வேக் ஃபாரஸ்ட்ல ஆடிக்கிட்டே 2025 செப்டம்பர்ல டேவிஸ் கோப்பையில சுவிட்சர்லாந்தைக் கவுத்தார். இந்த மூணு பேர் விளையாட்டையும் கவனிங்க. டென்னிஸ், உயரம் தாண்டுதல். ரெண்டுமே நம்பர் பேசற விளையாட்டு. தேஜஸ்வின் 2016-ல கோவையில நடந்த ஜூனியர் நேஷனல்ஸ்ல 2.26 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை பண்ணினார். 2.26ங்கறது கோயம்புத்தூர்லயும் 2.26தான், கான்சாஸ்லயும் 2.26தான். அதுக்கு மியூசிக் போட்ட வீடியோ தேவையில்லை. டென்னிஸ்ல ரேங்கிங் இருக்கு, ரேட்டிங் இருக்கு. கோச் நேரா அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்துக்குவார்.

அதாவது, அங்கீகாரம் உள்ள போட்டியில பதிவான நம்பர் இருந்தா இடையில ஆளே தேவையில்லை. நம்பர் இல்லாத விளையாட்டுக்குத்தான் ஆள் தேவை. வாலிபால், கபடி, கோகோ, ஹாக்கி. இங்கதான் வீடியோ வருது, வீடியோவோட பிரச்சினையும் வருது.

வீடியோவோட பிரச்சினைக்கு நம்ம நாட்டுலயே ரெண்டு அருமையான உதாரணம் உண்டு. 2019 ஆகஸ்ட்ல மத்தியப் பிரதேசத்துப் பையன் ராமேஷ்வர் குர்ஜர் வெறுங்காலோட தார் ரோட்டுல ஓடற வீடியோ பரபரன்னு பரவுச்சு. 100 மீட்டரை 11 விநாடியில ஓடறான்னு. அப்ப விளையாட்டு அமைச்சரா இருந்த கிரண் ரிஜிஜு வரைக்கும் போய், போபால்ல டிரையல் வெச்சாங்க. டிராக்ல ஓட விட்டா 13 விநாடியை ஒட்டி வந்து கடைசி. அடுத்த வருஷமே, 2020 பிப்ரவரியில, கர்நாடகாவுல கம்பளாப் பந்தயத்துல எருமைங்களோட ஓடின ஸ்ரீனிவாச கவுடா. உசேன் போல்ட்டையே மிஞ்சிட்டார்னு நாடு முழுக்கக் கணக்குப் போட்டாங்க. இந்திய விளையாட்டு ஆணையம் டிரையலுக்குக் கூப்பிட்டது. அந்த மனுஷன் தெளிவா, எனக்கு அது வேண்டாம், நான் ஓடறது சேத்துல, எருமையோட, அது வேற இது வேறன்னு ஒதுங்கிட்டார். இந்த மொத்தக் கூத்துல விவரமா நடந்துக்கிட்டது அவர் ஒருத்தர்தான்.

பாவம் ராமேஷ்வர். அவரைக் கிண்டல் பண்ண இதைச் சொல்லலை. நாடே பார்க்கற ஒரு வீடியோ, அமைச்சரே தலையிட்ட ஒரு டிரையல், அதுலயே இவ்வளவு வித்தியாசம் வருதுன்னா, மூணு நிமிஷம் வெட்டி ஒட்டின வாலிபால் வீடியோவை எந்த பி.டி. நம்புவார்? வீடியோவுல எல்லா ஸ்மாஷும் பாயிண்ட்டாத்தான் இருக்கும். நெட்ல அடிச்சதை எல்லாம் வெட்டித் தூக்கியிருப்பாங்களே.

அரசாங்கமும் இதே வழியில ஒரு முயற்சி பண்ணிச்சு. 2017 ஆகஸ்ட் 28 அன்னிக்கு, குடியரசுத் துணைத்தலைவரா இருந்த வெங்கையா நாயுடு விளையாட்டுத் திறன் தேடல் இணையதளம் ஒண்ணைத் திறந்து வெச்சார். எட்டு வயசுக்கு மேல இருக்கற எந்தக் குழந்தையோட விவரத்தையும் வீடியோவையும் பெத்தவங்களோ வாத்தியாரோ ஏத்தலாம், பொருத்தமா இருந்தா டிரையலுக்குக் கூப்பிடுவோம்னு. காசு கிடையாது, நல்ல எண்ணம். ஆனா 2024 மார்ச்ல அதே மத்திய அரசு 'கீர்த்தி'ன்னு ஒரு திட்டம் கொண்டு வந்தப்ப அணுகுமுறை மாறியிருந்துச்சு. 9 முதல் 18 வயசுப் பசங்க பேரை இணையத்துல பதிவாங்க, ஆனா திறமையை அளக்கறது மையத்துல, நேர்ல, வாட்ச்சும் டேப்பும் வெச்சு. என்னைப் பொறுத்தவரை இது சரியான திசை. பதிவு இணையத்துல, அளவு தரையில.

இப்ப நம்ம தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்க காலேஜ் சீட் எப்படிக் கிடைக்குது? வாலிபாலோ கபடியோ ஆடற பையனைக் கேட்டுப் பாருங்க. டோர்னமெண்ட்ல ஆடும்போது யாராவது ஒரு சீனியர் பார்ப்பான். "எங்க காலேஜுக்கு வர்றியா, பி.டி. கிட்ட பேசறேன்"பான். இல்லன்னா பள்ளிக்கூடத்து பி.இ.டி. சார், அவர் கூடப் படிச்சவர் ஒரு காலேஜ்ல பி.டி.யா இருப்பார், ஒரு போன். மே, ஜூன்ல டிரையல். டிரையல் அறிவிப்பு வர்றது வாட்ஸப்ல, ஒரு படமா. அந்தப் படத்துல "வரும் சனிக்கிழமை காலை 7 மணி"ன்னு இருக்கும். எந்த சனிக்கிழமைன்னு இருக்காது. எந்த வருஷம்னுகூட இருக்காது. போன வருஷத்து அறிவிப்பை நம்பி இந்த வருஷம் பஸ் ஏறினவங்க உண்டு. சிரிக்காதீங்க, நிஜம்.

குன்னத்துலேருந்து டிரையலுக்குப் போறதுன்னா என்னன்னு சென்னைவாசிகளுக்கு ஒரு வார்த்தை. பெரம்பலூர் மாவட்டத் தலைநகருக்கே ரயில் கிடையாது. ரயில் வேணும்னா அரியலூர் போகணும். காலையில 7 மணிக்குச் சென்னையில டிரையல்னா முந்தின நாள் ராத்திரியே கிளம்பணும். பொண்ணுன்னா கூட அப்பாவும் வரணும். அப்பாவுக்கு ஒரு நாள் வேலை போகும். போய் நின்னா, "டீம் செட் ஆயிடுச்சுப்பா, நேத்தே முடிஞ்சது"ன்னு ஒரு பதில். ஆயிரம் ரூபாவும் ஒரு ராத்திரித் தூக்கமும் போச்சு. இந்த மாதிரி மூணு டிரையலுக்குப் போனா, நாலாவதுக்கு அப்பா "போதும்மா, பக்கத்து காலேஜ்லயே சேர்ந்துக்க"ன்னு சொல்லிடுவார். எத்தனையோ பொண்ணுங்க விளையாட்டை விட்ட கதை இப்படித்தான் முடியுது. திறமை இல்லாம இல்லை, டிரையல் தேதி தெரியாம.

"இந்த ஆள் தெரிஞ்ச முறையே நல்லாத்தானே இருக்கு, எத்தனை பேர் மேல வந்திருக்காங்க"ன்னு ஒரு கட்சி உண்டு. உண்மைதான். மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியைப் பாருங்க. அப்பா அம்மா இல்லை, பாட்டி வளர்த்த பொண்ணு. பள்ளிப் போட்டியில வெறுங்காலோட ஓடினவங்களைப் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். பாட்டி கிட்டப் பேசிச் சம்மதிக்க வெச்சு, லேடி டோக் காலேஜ்ல சீட்டும் விடுதியும் கிடைக்க வழி பண்ணினார். அந்தப் பொண்ணு டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல 4x400 கலப்பு ரிலே ஓடினாங்க. சேலம் மாரியப்பன் தங்கவேலுவுக்கு சத்யநாராயணா. அவர் 2016 ரியோ பாராலிம்பிக்ஸ்ல தங்கம் வாங்கினார். எந்த ப்ரொஃபைலும் இவங்களைக் கண்டுபிடிக்கலை. ஒரு மனுஷனோட கண்ணு கண்டுபிடிச்சது.

ஒத்துக்கறேன். ஆனா இந்தக் கதைகளை நாம எப்பவும் ஒரு பக்கத்துலேருந்துதான் படிக்கறோம். கண்ணனுக்குக் கண்ணுல பட்ட ரேவதியைப் பத்தி நமக்குத் தெரியும். எந்தக் கண்ணனும் வராத ஊர்ல ஓடின ரேவதியைப் பத்தி யாருக்குத் தெரியும்? நல்ல மனுஷங்களை நம்பி இருக்கற அமைப்பு நல்ல மனுஷங்க இருக்கற எடத்துல மட்டும்தான் வேலை செய்யும். அதோட, ஆள் தெரிஞ்சாத்தான் சீட்டுங்கற எடத்துல, யாருக்கு யாரைத் தெரியும்ங்கறதுல என்னென்னல்லாம் வந்து கலக்கும்னு உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. நம்ம ஊர் பத்தி நமக்குத் தெரியாததா.

ஆக, ஒரு பக்கம் காசு வாங்கிட்டு யாரும் பார்க்காத பக்கம் போட்டுத் தர்ற கம்பெனி. இன்னொரு பக்கம் நல்லவங்க கண்ணுல பட்டா உண்டுங்கற அதிர்ஷ்டம். ரெண்டுக்கும் நடுவுல வழி இல்லையா? இருக்கு. நாம ஏற்கெனவே ஒரு தடவை அந்த வழியில போயிருக்கோம்.

என்ஜினியரிங் அட்மிஷனை நினைச்சுப் பாருங்க. 1997-ல அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளர முறையைக் கொண்டு வந்துச்சு. அதுக்கப்புறம் என்ன நடந்துச்சு? எந்த காலேஜ்ல எந்தப் பிரிவுல எத்தனை சீட் மிச்சம் இருக்குன்னு பெரிய திரையில ஓடும். நான் 2015-ல கிண்டியில போய் உக்காந்தப்ப எங்க அப்பாவுக்கு ஒரு காலேஜ் முதல்வரையும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் வரலை. கட் ஆஃப் இருந்துச்சு, ரேங்க் இருந்துச்சு, திரையில காலி இடம் இருந்துச்சு. அவ்வளவுதான். 2018-லேருந்து அதுவும் இணையத்துக்கு வந்துடுச்சு, கிண்டிக்குக்கூடப் போக வேண்டாம்.

கவனிங்க, அங்க நாங்க யாரும் ப்ரொஃபைல் போடலை. "நான் நல்லாப் படிப்பேன், என்னை எடுத்துக்கங்க"ன்னு வீடியோ எடுக்கலை. காலேஜுதான் தன்கிட்ட என்ன இருக்குன்னு காட்டிச்சு. நாங்க தேர்ந்தெடுத்தோம். முன்னாடி நான் 'தலைகீழ்'னு சொன்னது இதைத்தான்.

அதே பொறியியல் கலந்தாய்வுல விளையாட்டு வீரர்களுக்கும் தனியா 500 இடம் இருக்கு. சான்றிதழுக்குத் தகுந்த மதிப்பெண், அதுல ரேங்க் பட்டியல், அதுப்படி சீட். அதுலயும் குறை இருக்கு. சான்றிதழுக்குத்தான் மார்க்குங்கறதால, விளையாடறதை விட்டுட்டு சான்றிதழ் சேர்க்கறதுக்குன்னே ஒரு கூட்டம் அலையுது. யாரும் கேள்விப்படாத விளையாட்டுல எல்லாம் 'தேசிய' பதக்கம் வாங்கிட்டு வருவாங்க. இருந்தாலும், விதி எழுத்துல இருக்கு, பட்டியல் வெளியில வருது, தப்புன்னா கேள்வி கேக்கலாம். தனியார் கலை அறிவியல் காலேஜ்களும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் டீமுக்குன்னு தர்ற இலவச சீட்டுக்கு இதுல ஒண்ணாவது இருக்கா? எத்தனை சீட், எந்த விளையாட்டுக்கு, என்ன சலுகைன்னு வெளியில போடற காலேஜை விரல் விட்டு எண்ணலாம்.

சலுகைன்னதும் இன்னொரு விஷயம். கிடைக்கறதைவிட நிலைக்கறது கஷ்டம். எங்க காலேஜ்ல என் கூட ரூம்ல இருந்தவன் கபடி ஆடறவன். நல்ல ரைடர். ஃபீஸ் கிடையாது, விடுதி கிடையாது, நீ ஆடினா போதும்னு சேர்த்தாங்க. எல்லாம் வாய்வார்த்தை. ரெண்டாம் வருஷம் மண்டலப் போட்டியில முட்டி திரும்பி, உள்ள தசைநார் கிழிஞ்சுபோச்சு. ஆபரேஷன். ஆறு மாசம் ஆட முடியாது. மூணாம் வருஷம் தொடக்கத்துல ஆபீஸ்லேருந்து ஃபீஸ் கட்டச் சொல்லி சீட்டு வந்துச்சு. "சார், ஃப்ரீன்னு சொன்னீங்களே"ன்னு கேட்டா, "ஆடறவரைக்கும்னுதானே சொன்னோம்". காட்டறதுக்குக் கையில ஒரு துண்டுப் பேப்பர் இல்லை. அவன் ஒரு செமஸ்டர் கடன் வாங்கிக் கட்டினான், அடுத்த செமஸ்டர் வரலை. இன்னிக்கு வரைக்கும் டிகிரி முடிக்கலை. அவன் சான்றிதழ் எல்லாம் வெச்சிருந்த அந்தப் பச்சைக் கலர் ஃபைல் மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

அமெரிக்காவுலயும் இந்தப் பிரச்சினை இருந்துச்சு. வருஷா வருஷம் புதுப்பிக்கற ஸ்காலர்ஷிப், அடிபட்டா அம்போ. 2012-லேருந்து பல வருஷத்துக்குச் சேர்த்துத் தர அனுமதிச்சாங்க. 2015-ல பெரிய ஐந்து கூட்டமைப்புகள், சரியா ஆடலைங்கறதுக்காக ஸ்காலர்ஷிப்பைப் பிடுங்கக் கூடாதுன்னு முடிவு எடுத்தாங்க. அவங்க கிட்டேருந்து காப்பி அடிக்கணும்னா இதைக் காப்பி அடிச்சிருக்கணும். நாம ப்ரொஃபைல் வியாபாரத்தைக் காப்பி அடிச்சோம்.

சும்மா குறை சொல்லிட்டுப் போனா "நீ என்னடா பண்ணச் சொல்றே"ன்னு கேப்பீங்க. சொல்றேன். மூணே விஷயம்.

ஒண்ணு, காலேஜ்தான் விளம்பரம் போடணும், பசங்க இல்லை. மாநிலத்துக்கு ஒரே இணையப் பக்கம். எந்த காலேஜ், எந்த விளையாட்டு, எந்த இடத்துக்கு ஆள் வேணும், டிரையல் என்னிக்கு, எங்க, என்ன சலுகை. தேதி, மாசம், வருஷத்தோட! டீம் நிறைஞ்சிடுச்சுன்னா "நிறைஞ்சிடுச்சு"ன்னு போட்டுடணும். இதைக் கட்ட ராக்கெட் சயின்ஸ் தேவையில்லை. எங்க டீம்ல புதுசா சேர்ந்த ரெண்டு பசங்க கிட்டக் கொடுத்தா ஒரு மாசத்துல கட்டிடுவாங்க. கஷ்டம் என்னன்னா காலேஜ்களை அதுல போட வைக்கறது. அது சாஃப்ட்வேர் வேலை இல்லை, பல்கலைக்கழகங்களும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் செய்ய வேண்டிய வேலை. போட்டிருக்கற காலேஜ் டீம்தான் மண்டலப் போட்டியில ஆடலாம்னு ஒரு வரி எழுதினா எல்லாரும் போட்டுடுவாங்க.

ரெண்டு, போட்டி முடிவுகளைத் தேடற மாதிரி வைக்கணும். முதலமைச்சர் கோப்பைக்கு இப்ப எல்லாரும் இணையத்துலதான் பதிவு பண்றாங்க. 2024-ல மட்டும் 11 லட்சத்துக்கு மேல பேர் பதிவு பண்ணினாங்க. யோசிச்சுப் பாருங்க, மாவட்டம், வயசு, விளையாட்டு வாரியா இவ்வளவு பேர் விவரம் ஏற்கெனவே இருக்கு. தடகளத்துல என்ன நேரம், எவ்வளவு தூரம், குழு விளையாட்டுல எந்தச் சுற்று வரைக்கும் வந்தாங்கங்கறதை அந்தப் பதிவு எண்ணோட சேர்த்து, பெத்தவங்க சம்மதத்தோட, காலேஜ் பி.டி.க்கள் மட்டும் தேடற மாதிரி வெச்சா எப்படி இருக்கும்? பையன் தானா சொல்லிக்கறதைவிட நடுவர் கையெழுத்துப் போட்ட முடிவுக்கு மதிப்பு அதிகம். வீடியோ எடிட்டருக்கு 7,500 தேவையில்லை. பொண்ணுங்க போட்டோவும் போன் நம்பரும் கண்டவன் பார்க்கற மாதிரி பொதுவெளியில கிடக்கவும் வேண்டாம். இந்தக் கடைசி விஷயத்தை இந்தக் கம்பெனிங்க யாரும் பெரிசா எடுத்துக்கறதா தெரியலை. எங்க சித்தப்பா பொண்ணோட பக்கத்துல அவர் மொபைல் நம்பரே பளிச்சுன்னு இருந்துச்சு. முதல் வேலையா அதை எடுக்க வெச்சேன்.

மூணு, எழுத்துல கொடுக்கணும். என்ன சலுகை, எத்தனை வருஷம், அடிபட்டா என்ன, ஒரு பாடத்துல அரியர் விழுந்தா என்ன. ஒரு பக்கத்துல, காலேஜ் முத்திரையோட. இது இல்லாத சீட் சீட்டே இல்லை.

இதெல்லாம் நடக்கற வரைக்கும் வீட்டுல விளையாடற பசங்க இருக்கறவங்க என்ன பண்ணலாம்? நான் சித்தப்பாகிட்டச் சொன்னதையே சொல்றேன். பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "போன வருஷம் எங்க மாவட்டத்துலேருந்து உங்க மூலமா எந்தக் காலேஜ்ல எத்தனை பேர் சேர்ந்தாங்க, அந்த காலேஜ் பி.டி.கிட்ட நான் பேசலாமா?" பதில் சுத்தி வளைச்சு வந்தா போனை வெச்சிடுங்க. வீடியோ எடுக்கறதுன்னா உங்க போன்லயே ஒரு முழு செட்டை வெட்டாம எடுங்க, கோர்ட்டுக்குப் பின்னாடி உயரத்துல நின்னு. தப்பா அடிச்சதும் இருக்கட்டும். பி.டி.க்களுக்கு அதுதான் பிடிக்கும். பள்ளிக்கூட பி.இ.டி. சார்கிட்ட மூணு காலேஜ் பி.டி. நம்பர் வாங்கி நேரா போன் பண்ணுங்க. கிளம்பறதுக்கு முந்தின நாள் டிரையல் இருக்கான்னு உறுதி பண்ணிக்கங்க. பத்தாவதுக்குக் கீழ படிக்கற பிள்ளைன்னா ஆணையத்தோட விளையாட்டு விடுதித் தேர்வைத் தவறவிடாதீங்க. 7, 8, 9, 11-ம் வகுப்புச் சேர்க்கைக்கு இணையத்துலயே விண்ணப்பம், மாவட்ட அளவுல நேர்ல தேர்வு. அதுக்கு யாருக்கும் பத்து பைசா கமிஷன் தரத் தேவையில்லை.

தங்கச்சி விஷயம் என்னாச்சுன்னு கேப்பீங்க. திருச்சியில ரெண்டு டிரையல் போனா. பி.இ.டி. மேடம் போன் பண்ணி வெச்சதாலதான். ஒரு காலேஜ்ல எடுத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க, டியூஷன் ஃபீஸ் இல்லை, விடுதிக்கு நாமதான் கட்டணும். எழுத்துல கேட்டிருக்கோம். "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லையே"ன்னு ஆபீஸ்ல ஆச்சரியப்பட்டாங்களாம். இனிமே எல்லாரும் கேக்கணும்ங்கறதுதான் என் ஆசை.

பதிவர்கள்ல காலேஜ் பி.டி.யா, கோச்சா இருக்கறவங்க, இல்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல படிச்சவங்க யாராவது இருந்தா உங்க அனுபவத்தை ஒரு பதிவாவே போடுங்க. நான் சொன்ன மூணுல எது நடக்கும் எது நடக்காதுன்னு உள்ள இருக்கறவங்க சொன்னாத்தான் தெரியும். திட்டறதா இருந்தாலும் பரவாயில்லை, ஆனா வருஷம் போட்டுத் திட்டுங்க.